கிரேட் ஓஷன் ரோடு: ஒரே நாளில் பார்த்துவிடலாமா, தங்கிப் போக வேண்டுமா?

மல்லிகைப்பந்தல் (கோவை) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். அக்டோபர் கடைசியில் நானும் என் கணவரும் மெல்போர்னில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். அங்கே போகிறவர்கள் எல்லோரும் கிரேட் ஓஷன் ரோடு என்ற கடற்கரைச் சாலையைப் பார்க்காமல் திரும்பக் கூடாது என்கிறார்கள். மருமகன், "சுற்றுலா பஸ்ஸில் காலையில் ஏறினால் இரவு வீடு வந்துவிடலாம், கடலுக்குள் நிற்கும் அந்தப் பன்னிரண்டு அப்போஸ்தலர் பாறைகளைப் பார்த்தால் போதும்" என்கிறார். மகளோ, "காரில் போவோம், இரண்டு இரவு தங்குவோம்" என்கிறாள். வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.

என் கணவருக்கு முழங்கால் வலி உண்டு. வளைவுச் சாலை என்றால் தலை சுற்றும். வால்பாறைக்குப் போகும்போது ஆழியாறு தாண்டிய சில வளைவுகளிலேயே எலுமிச்சம்பழம் கேட்பார். அவரை வைத்துக்கொண்டு அத்தனை தூரம் போக முடியுமா என்பது ஒரு கவலை.

இன்னொன்றையும் மனம்விட்டுக் கேட்கிறேன். கடல் நமக்குப் புதிதல்ல. தனுஷ்கோடியில் நின்றிருக்கிறோம், கன்னியாகுமரியில் விடியலைப் பார்த்திருக்கிறோம். நீலகிரியும் வால்பாறையும் பக்கத்திலேயே இருக்கின்றன. அந்தச் சாலையில் அப்படி என்னதான் இருக்கிறது? போய் வந்தவர்கள் படம் காட்டுகிறார்களே தவிர, யாரும் அதைச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

---

தெற்குக்காற்று (மெல்போர்ன்):

வணக்கம் அம்மா. நான் இங்கே வசிப்பவன், ஊரிலிருந்து வரும் உறவினர்களை அடிக்கடி அழைத்துப் போகிறவன். என் ஓட்டு உங்கள் மகளுக்குத்தான்.

பஸ் பயணம் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. அதில் பெரும்பகுதி இருக்கையிலேயே கழியும். அப்போஸ்தலர் பாறைகளுக்கு நீங்கள் போய்ச் சேரும் நேரத்தில்தான் மற்ற எல்லா பஸ்களும் வந்து நிற்கும். காரில் போனால் முதல் இரவு அப்போலோ பே, இரண்டாம் இரவு போர்ட் கேம்பெல் என்று தங்கலாம். இரண்டாம் நாள் மாலையில் பாறைகளிடம் போய்விடுங்கள். அக்டோபர் கடைசியில் சூரியன் மறைய இரவு எட்டு மணி நெருங்கிவிடும். அதற்குள் பஸ் கூட்டமெல்லாம் கிளம்பிப் போயிருக்கும். இருட்டத் தொடங்கும்போது கீழே மணலில் சின்னப் பென்குவின்கள் கடலிலிருந்து கரையேறுவதையும் மேலிருந்தே பார்க்கலாம்.

காரோட்டப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். நம் ஊரைப் போல இங்கேயும் இடதுபக்கம்தான். ஆங்கிலத்தில் அச்சிட்ட இந்திய உரிமம் இருந்தால் சுற்றுலாப் பயணிகள் ஓட்டலாம். மெதுவாகப் போகிறவர்கள் ஒதுங்கிப் பின்னால் வருபவர்களுக்கு வழிவிட ஆங்காங்கே இடம் விட்டிருக்கிறார்கள், கூச்சப்படாமல் ஒதுங்குங்கள். மாலை மங்கிய பிறகும் விடியும் முன்பும் கங்காருவும் அதன் சிறிய இனமான வாலபியும் குறுக்கே பாயும். ஆகையால் பாறைகளைப் பார்க்கும் அந்த ஒரு மாலை தவிர, இருட்டுவதற்குள் தங்குமிடம் சேர்வதுதான் நல்லது. ஆட்வே காட்டுக்குள் பல இடங்களில் கைப்பேசி வேலை செய்யாது, வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஈஸ்டர்ன் வியூ என்ற இடத்தில் சாலைக்குக் குறுக்கே மரத்தூண் வளைவு ஒன்று இருக்கிறது. அங்கே எல்லோரும் நின்று படம் எடுப்பார்கள். அதற்கு நேரம் செலவிட வேண்டாம் என்பேன், வெறும் பெயர்ப்பலகைதான்.

---

மலைச்சாலை (ஜீலாங்):

சகோதரி, "அப்படி என்னதான் இருக்கிறது" என்று கேட்டீர்களே, அதற்குப் பதில் சொல்ல வந்தேன். மேலே எழுதிய தம்பி கொடுத்த பயணக் குறிப்புகள் அத்தனையும் சரி. அந்த வளைவைப் பற்றி அவர் சொன்னதை மட்டும் என்னால் ஏற்க முடியாது.

நான் தமிழ்நாடு நெடுஞ்சாலைத் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தில் பெரும்பகுதி நீலகிரியின் மலைச்சாலைகளில் போயிற்று. இப்போது மகனோடு ஜீலாங்கில் இருக்கிறேன், அந்தச் சாலை எங்களுக்கு அண்டை வீடு. எந்த ஊருக்குப் போனாலும் என் கண் முதலில் சாலையைத்தான் பார்க்கும், காட்சி அதற்குப் பிறகுதான். ஆகவே என் கட்சி இது: பாறைகளை மட்டும் பார்ப்பதற்கு உங்கள் மருமகன் சொல்லும் பஸ் போதும். காரில் போய்த் தங்கிப் பார்க்க வேண்டியது அந்தச் சாலையை.

அது ஒரு நினைவுச்சின்னம். நினைவுச்சின்னம் இருக்கும் சாலை என்று சொல்லவில்லை, டார்கீயில் தொடங்கி அலன்ஸ்ஃபோர்டு வரை சுமார் 243 கிலோமீட்டர் நீளும் அந்தச் சாலைதான் சின்னம். முதல் உலகப் போரில் ஆஸ்திரேலியா ஏறக்குறைய அறுபதாயிரம் பேரை இழந்தது. எல்லோரும் தாமாக முன்வந்து படையில் சேர்ந்தவர்கள். கட்டாய ஆள்சேர்ப்பை இந்நாட்டு மக்கள் 1916லும் 1917லும் வாக்களித்து மறுத்துவிட்டார்கள். உயிரோடு திரும்பி வந்த படைவீரர்களுக்கு வேலை வேண்டும், திரும்பாதவர்களுக்கு நினைவு வேண்டும். இரண்டையும் சேர்த்துத்தான் இந்தச் சாலையை நினைத்தார்கள். 1919 செப்டம்பரில் தொடங்கிய வேலை 1932 நவம்பரில் முடிந்தது. சுமார் மூவாயிரம் முன்னாள் வீரர்கள் உழைத்தார்கள்.

அந்தப் போர் நமக்கு என்ன உறவு என்று நினைக்க வேண்டாம். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசிக் கொளுத்திய ஜெர்மன் கப்பல் எம்டனை நம் வீடுகளில் பாட்டிமார்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதே ஆண்டு நவம்பரில் கோகோஸ் தீவுகளுக்கு அருகே அதை வீழ்த்தியது ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற போர்க்கப்பல். பிறகு துருக்கியின் கலிப்போலிப் போர்முனையில் இவர்களுக்குப் பக்கத்திலேயே இந்தியப் படையினரும் கோவேறு கழுதைகளில் தண்ணீரும் தோட்டாவும் சுமந்தார்கள். ஈஸ்டர்ன் வியூ வளைவின் அடியில் நிற்கும்போதெல்லாம் இவை எனக்கு நினைவுக்கு வரும். அங்கே இருக்கும் தொழிலாளர்களின் வெண்கலச் சிலைகளையும் பார்க்காமல் வராதீர்கள். முன்பு இருந்த வளைவு 1983 பிப்ரவரிக் காட்டுத்தீயில் எரிந்துபோனது. இப்போது இருப்பது அதற்குப் பிறகு எழுப்பியது. எரிந்ததை மறுபடி நட்டிருக்கிறார்கள் என்றால் அவர்களுக்கு அது வெறும் பெயர்ப்பலகை இல்லை என்றுதானே பொருள், தம்பி?

வேலை எப்படி நடந்தது என்று நினைத்துப் பார்க்கிறேன். கடப்பாரை, மண்வெட்டி, தள்ளுவண்டி, குதிரை வண்டி, வெடிமருந்து. பெரிய இயந்திரம் எதுவும் கிடையாது. எட்டு மணி நேர வேலைக்குக் கூலி பத்து ஷில்லிங் ஆறு பென்ஸ். மலைச்சரிவில் கூடாரம் அடித்துத் தங்கினார்கள். சமையலுக்கும் சாப்பாட்டுக்கும் பொதுக் கூடாரம். பியானோவும் கிராமபோனும் கூட முகாமில் இருந்தனவாம். மலை கடலுக்குள் செங்குத்தாக இறங்கும் பகுதிதான் இருந்ததிலேயே கடினம், அதில் சிலர் உயிரையும் விட்டிருக்கிறார்கள்.

வெடிமருந்தை வெடிக்கச் செய்யும் டெட்டனேட்டர்களை வண்டியில் கொண்டுபோகும்போது ஆட்கள் அவற்றைத் தங்கள் முழங்கால்மேல் வைத்துக்கொள்வார்களாம். கரடுமுரடான பாதையில் அதிராத இடம் அது ஒன்றுதான். பின்னாளில் பதிவான வாய்மொழிச் செய்தி இது. படித்த நாளிலிருந்து என்னை விட்டுப் போகவில்லை. நானும் மலையில் வெடி வைத்த இடங்களில் நின்றிருக்கிறேன். எங்களுக்கு உரிமம் பெற்ற ஆள் உண்டு, பெட்டி உண்டு, சிவப்புக்கொடி உண்டு, ஊதல் உண்டு. அப்படி இருந்தும் திரி பற்றவைத்த பிறகு எண்ணிக்கொண்டு நிற்கும் நேரத்தில் தொண்டை வறண்டுவிடும். நான்கு ஆண்டு குண்டுச் சத்தத்தில் வாழ்ந்து திரும்பியவன், ஊருக்கு வந்த பிறகும் ஒரு வெடியை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்திருந்தான் என்றால், அந்த மனிதனின் மனம் எப்படி இருந்திருக்கும்?

இந்தத் திட்டத்தை முன்னின்று நடத்தியவர் ஜீலாங் நகரத்தின் மேயராக இருந்த ஹோவர்டு ஹிட்ச்காக். சொந்தப் பணத்தையும் போட்டு, ஊர் ஊராக நன்கொடை திரட்டினார். சாலை திறக்க மூன்று மாதம் இருக்கும்போது, 1932 ஆகஸ்டில் இறந்துபோனார். திறப்பு விழா ஊர்வலத்தில் ஆளுநரின் காருக்குப் பின்னால் அவருடைய காரை ஓட்டிச் சென்றார்கள். முதலில் சுங்கம் வசூலித்துத்தான் சாலையை நடத்தினார்கள். 1936ல் மாநில அரசு ஏற்றுக்கொண்ட பிறகு அது நின்றது. அந்தக் காலத்துச் சாலையில் பல இடங்களில் ஒரு வண்டிதான் போக முடியும். இன்றைய அகலம் எல்லாம் பிறகு வெட்டியது.

இப்போது எதைப் பார்ப்பது என்று சொல்கிறேன். லார்ன் ஊரிலிருந்து அப்போலோ பே வரை சுமார் 45 கிலோமீட்டர். எல்லோரும் கடலையே பார்த்துக்கொண்டு போவார்கள். கேப் பேட்டன் முனையில் வண்டி நிறுத்த இடம் இருக்கிறது. அங்கே இறங்கி முதலில் கடலைப் பாருங்கள், யார் வேண்டாம் என்றது! பிறகு திரும்பி நின்று மலையைப் பாருங்கள். மணற்பாறையும் களிப்பாறையும் அடுக்கடுக்காகச் சாய்ந்து கிடக்கும். இப்படி அடுக்கு சாய்ந்த பாறையை நம்பி எந்தப் பொறியாளனும் நிம்மதியாகத் தூங்க மாட்டான். இரண்டு அடுக்குக்கு நடுவில் தண்ணீர் இறங்கினால் மேல் அடுக்கு வழுக்கிக்கொண்டு வரும். அதனால்தான் பல இடங்களில் கம்பிவலை போர்த்தியிருக்கிறார்கள்.

ஒருமுறை மழை விட்ட காலையில் வை ரிவர் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ஒரு தடுப்புச் சுவரின் அருகே நின்றேன். பின்னால் தேங்கும் நீர் வெளியேறச் சுவரில் துளைகள் விட்டிருப்பார்கள். அவற்றில் ஒன்றின் வாயில் பச்சைப் பாசி தடித்திருந்தது. பாசியைப் பிடித்துக்கொண்டு விரல் நீளத்துக்கு ஒரு பெரணி. அதன் நுனியில் நீர் திரண்டு, கனத்து, விழுகிறது, மறுபடி திரள்கிறது. பக்கத்துத் துளை வறண்டு கிடந்தது. அது அடைத்துக்கொண்டதா, பின்னால் நீரே இல்லையா என்று தெரியாமல் நான் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். மகன் காரிலிருந்து, "அப்பா, உங்கள் டிவிஷன் இல்லை இது" என்றான். என் டிவிஷன் இல்லைதான். ஆனால் 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்ததைப் பார்த்தவனால் ஒரு வறண்ட துளையைச் சும்மா கடந்து போக முடியாது.

அதே வை ரிவரிலும் பக்கத்து ஊரிலும் 2015 கிறிஸ்துமஸ் நாளில் காட்டுத்தீ நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளை எரித்தது. மரம் எரிந்தால் வேர் சாகும், வேர் செத்தால் மண்ணுக்குப் பிடிமானம் போகும். அடுத்த ஆண்டு பெருமழையில் சரிவுகள் விழுந்து சாலை மூடப்பட்டது. நெருப்பும் மழையும் கடலும் மாறிமாறி அடிக்க, அந்தச் சாலையை நாள்தோறும் யாரோ சிலர் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். மஞ்சள் சட்டை போட்ட ஆட்கள் வேலை செய்வதைப் பார்த்தால் கை காட்டுங்கள். நான் எப்போதும் காட்டுவேன்.

இங்கே நின்றால் எனக்கு ஊர் நினைவு வந்துவிடும். சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்கு ஏறிய பழைய மலைப்பாதை 1823ல் முடிந்தது. அதை வெட்டக் கைதிகளைப் பயன்படுத்தினார்கள். வெட்டச் சொன்ன கலெக்டர் சல்லிவனின் பெயர் நமக்குத் தெரியும், அவருக்கு நினைவகமும் இருக்கிறது. வெட்டிய கைதி ஒருவனின் பெயராவது யாருக்காவது தெரியுமா? அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும், நான் கையெழுத்துப் போட்ட மஸ்டர் ரோல்களில், அதாவது கூலியாட்களின் வருகைப் பதிவேடுகளில், எத்தனை கைநாட்டுகள் இருந்தன! சேலத்திலிருந்தும் தருமபுரியிலிருந்தும் குடும்பத்தோடு வந்து, சாலையோரத்தில் சாக்குக் கூடாரத்தில் படுத்து, ஜல்லி உடைத்துத் தார் ஊற்றியவர்கள். சுவர் எழும்பியதும் அதில் பதித்த கல்லில் திறந்து வைத்தவரின் பெயர் இருந்தது. இந்த நாட்டில் ஒரு கடற்கரை முழுவதையும் கூலிக்கு வெட்டிய சாதாரண ஆட்களின் நினைவாகப் பார்க்க முடிகிறது. இதை நம் ஊரிலும் செய்ய முடியும், செய்ய வேண்டும் என்பதை நான் எழுதாத இடமில்லை.

ஆகவே சகோதரி, தங்கிப் போங்கள். அப்போலோ பேயைத் தாண்டியதும் சாலை கடலை விட்டு ஆட்வே மலைக்காட்டுக்குள் ஏறிவிடும். ஏமாந்துவிடாதீர்கள், அதுவும் அதே சாலைதான். மேட்ஸ் ரெஸ்ட் என்ற இடத்தில் பலகை நடைபாதையில் சிறிது தூரம் போய் வரலாம். ஆள் உயர மரப் பெரணிகளும் வானத்தை மறைக்கும் பழைய மரங்களும் நிற்கும் மழைக்காடு அது.

---

மல்லிகைப்பந்தல் (கோவை):

ஐயா, உங்கள் பதிலை என் கணவருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அவர் மில்லில் வேலை பார்த்தவர். மஸ்டர் ரோல் பற்றிய இடம் வந்ததும் மறுபடி படி என்றார். தலைசுற்றல் பற்றி இனி பேச மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார், அது எத்தனை வளைவு தாங்கும் என்று பார்க்க வேண்டும்.

மருமகனும் சம்மதித்துவிட்டார். இரண்டு இரவு தங்குவதாக முடிவு. இன்னும் இரண்டு கேள்விகள். போர்ட் கேம்பெல் பக்கம் லாக் ஆர்டு என்று ஒரு இடம் சொல்கிறார்களே, அங்கே முழங்கால் வலிக்காரர் இறங்க முடியுமா? நாங்கள் சைவம், வழியில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

---

வன்னிமரம் (மெல்பேர்ண்):

வணக்கம் அக்கா. லாக் ஆர்ட் எனக்கு மிகவும் நெருக்கமான இடம், அதனால் எழுதுகிறேன். கடற்கரைக்கு இறங்கப் படிக்கட்டு உண்டு, அண்ணருக்கு அது சிரமம். ஆனால் மேலே நின்றே பள்ளத்தாக்கு முழுவதையும் பார்க்கலாம், நடைபாதை நன்றாக இருக்கிறது. அப்போஸ்தலர் பாறைகளைப் பார்க்கும் இடத்திலும் படிகள் தொல்லை தராது. அங்கே கிப்சன் ஸ்டெப்ஸ் என்ற படிக்கட்டுப் பக்கம் மட்டும் அவரை அழைத்துப் போக வேண்டாம்.

1878 ஜூன் 1ஆம் தேதி விடியலில், இங்கிலாந்திலிருந்து குடியேற வந்துகொண்டிருந்த லாக் ஆர்ட் என்ற பாய்க்கப்பல் இங்கே மட்டன்பேர்ட் தீவில் மோதி உடைந்தது. 54 பேரில் இரண்டு பேர் மட்டும் தப்பினார்கள். டொம் பியர்ஸ் என்ற கப்பல் பயிலுநர் நீந்திக் கரையேறி, கதறல் கேட்டு மறுபடி கடலுக்குள் போய் ஈவா கார்மைக்கேல் என்ற பெண்ணை இழுத்து வந்தான். அந்தப் பிள்ளை ஒரே காலையில் தாய், தகப்பன், கூட வந்த சகோதரர்கள், சகோதரிகள் எல்லோரையும் இழந்துவிட்டாள். பத்திரிகைகளும் ஊராரும் இருவரும் கலியாணம் செய்வார்கள் என்று ஆசைப்பட்டார்கள். அவளோ அயர்லாந்துக்குத் திரும்பிப் போய்விட்டாள். கடலால் எல்லாவற்றையும் இழந்தவள், ஊர் திரும்ப அதே கடலில் மாதக்கணக்காகப் போயிருக்கிறாள். மேலே இருக்கும் கல்லறைகளின் முன் நிற்கும்போது நான் நினைப்பது அந்தத் திரும்பும் பயணத்தைத்தான்.

பக்கத்திலேயே கடலில் இரண்டு தூண்பாறைகள் நிற்கின்றன. முன்பு ஒரே வளைவாக இருந்தது, 2009ல் நடுப்பகுதி இடிந்து விழுந்தது. மிஞ்சிய இரண்டுக்கும் டொம், ஈவா என்று பெயர் வைத்தார்கள். அந்தக் கரையில் எல்லாமே சுண்ணாம்புப் பாறை, கடல் தின்றுகொண்டே இருக்கிறது. லண்டன் பிரிட்ஜ் என்ற பாறைப்பாலம் 1990 ஜனவரியில் விழுந்து, அக்கரையில் அகப்பட்ட இருவரை ஹெலிகொப்டரில் மீட்டார்கள். அப்போஸ்தலர்களில் ஒன்று 2005ல் நொறுங்கியது. பன்னிரண்டு பாறை எங்கே என்று எண்ணித் தேட வேண்டாம், அங்கே ஒருபோதும் பன்னிரண்டு இருந்ததில்லை.

மலைச்சாலை ஐயா எழுதியதை வாசித்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தேன். நான் வன்னியிலிருந்து வந்தவள். போருக்குப் போய்த் திரும்பாதவர்களை ஊரறிய நினைத்து அழுவதற்கு ஒரு நாடு இவ்வளவு நீளமாக ஒரு வீதியை விட்டு வைத்திருக்கிறது என்பதை முதன்முதலில் அறிந்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. இன்றும் இருக்கிறது. ஆனால் ஐயா, அந்த மண்ணின் பழைய மக்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆட்வே கடற்கரை கடுபனுட் மக்களுடையது. 1846ல் ஏர் ஆற்று முகத்துவாரத்துக்கு அருகே அவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அவர்களுக்கு அந்த வீதியில் வளைவு கிடையாது.

அதனால் அக்கா, முடிந்தால் வார்னம்பூல் வரை போங்கள். லாக் ஆர்ட் கப்பலில் வந்த ஆளுயரப் பீங்கான் மயில் ஒன்று பெட்டியோடு கரையொதுங்கியது. அதை அங்கே ஃபிளாக்ஸ்டாஃப் ஹில் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். சற்று அப்பால் டவர் ஹில் என்ற பழைய எரிமலைக் குழி. மரங்களை எல்லாம் வெட்டி மொட்டையாக்கிய அந்த இடத்தில், 1855ல் ஓர் ஓவியர் நுணுக்கமாக வரைந்த படத்தைப் பார்த்து, எங்கே எந்த மரம் நின்றது என்று கண்டுபிடித்து, 1960களில் திரும்ப நட்டார்கள். இப்போது ஈமு என்ற பறக்காத பெரிய பறவைகள் வாகனத்துக்கு முன்னால் நடந்து போகும். இன்னும் ஒரு மணித்தியாலம் மேற்கே போனால் பட்ஜ் பிம். குண்டிட்ஜ்மாரா மக்கள் எரிமலைக் கல்லை அடுக்கிக் கால்வாயும் அணையும் கட்டி விலாங்கு மீன் வளர்த்த இடம். குறைந்தது 6,600 ஆண்டுப் பழமை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 2019ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அந்த மக்களே வழிகாட்டிகளாக வந்து விளக்குவார்கள், முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். ஐயாவுக்கும் சொல்கிறேன், நீரோட்டம் தெரிந்த பொறியாளர் பார்க்க வேண்டிய கல்வேலை அது.

---

மலைச்சாலை (ஜீலாங்):

தங்கையே, நீங்கள் சொன்னது முழுக்க நியாயம். ஏர் ஆற்றைப் பற்றி எழுதியதற்கு நன்றி. அந்த மக்களின் பெயரையும் அந்த வீதியில் கல்லில் வெட்டி வைக்கும் நாள் வர வேண்டும். பட்ஜ் பிம் நான் இன்னும் பார்க்கவில்லை. கல்லை அடுக்கி நீரைத் திருப்பியவர்களின் வேலை என்கிறீர்கள், இந்தக் கோடையில் போகிறேன்.

மல்லிகைப்பந்தல் சகோதரிக்கு மிச்சமிருக்கும் கேள்விகள். மேற்கு நோக்கிப் போகும்போது கடல் உங்கள் இடதுபுறம் வரும், இடதுபக்கம்தான் ஓட்டுவீர்கள். ஆகையால் உங்கள் கணவரை முன்னிருக்கையில், ஓட்டுநருக்கு இடப்பக்கம் உட்கார வையுங்கள். தலைசுற்றலுக்கும் அது நல்லது, கடலும் தடையில்லாமல் தெரியும். வளைவுகள் அதிகம் லார்னுக்கும் அப்போலோ பேக்கும் நடுவில், பிறகு லேவர்ஸ் ஹில் ஏறும் காட்டுப் பகுதியில். இந்த இரண்டுக்கும் முன்னால் வயிறு நிறையச் சாப்பிட வேண்டாம். மருமகனிடம் வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக் போடாமல், நுழையும் முன்பே வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள், பாதித் தலைசுற்றல் அதிலேயே போய்விடும்.

சாப்பாட்டுக்குச் சமையலறை உள்ள விடுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். சிற்றூர்களில் உணவகங்கள் சீக்கிரம் மூடிவிடுவார்கள், சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு வந்தால் ஒன்றும் கிடைக்காது. முதல் நாளுக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள். அரிசி, தயிர், காய்கறி எல்லாம் டார்கீயிலேயே வாங்கிவிடலாம். பெட்ரோலை அப்போலோ பேயில் நிரப்பிக்கொள்ளுங்கள். அக்டோபரிலும் காற்று குளிர்ந்து அடிக்கும், ஒரே நாளில் வெயிலும் மழையும் வரும். கணவருக்கு ஸ்வெட்டரும் காதுக்கு மஃப்ளரும் கட்டாயம் வேண்டும்.

திரும்பும்போது அதே வழியில் வர வேண்டாம். கோலாக் வழியாக உள்நாட்டு நெடுஞ்சாலை நேராக ஓடும், மெல்போர்ன் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். ஜீலாங் வழியாகத்தான் வருவீர்கள். நேரம் இருந்தால் இங்கே தனிமடலில் எழுதுங்கள், வீட்டில் காபி குடித்துவிட்டுப் போகலாம். மில்லில் வேலை பார்த்தவரோடு பேச எனக்கும் நிறைய இருக்கிறது.